ஆறே ஆறு வோட்டு

உங்கள் தெருவில் எத்தனை வோட்டு இருக்கும்? இருநூறா? முந்நூறா? எதிர்வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் மறுநாள் காலையில் இருவரும் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேச முடிகிறது. ஊரிலேயே மொத்தம் ஆறு வோட்டுத்தான் என்றால்?

2024-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. எங்கள் காரியாலயத்தில் காப்பி வரும் நேரம். அமெரிக்காவின் கீழ்க்கரையில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், கனடா எல்லையிலிருந்து சுமார் இருபது மைலில், மலைக்கணவாய் ஒன்றில் ஒண்டிக்கொண்டிருக்கிறது டிக்ஸ்வில் நாட்ச் என்ற ஊர். ஜனாதிபதித் தேர்தலில் அங்கே நள்ளிரவிலேயே வோட்டுப் போடுவார்கள். பதிவான அத்தனை பேரும் போட்டு முடித்துவிட்டால் சாவடியை மூடி எண்ணிவிடலாம் என்று அந்த ராஜ்யத்தில் சட்டம் இருக்கிறது. ஆகவே மற்ற ஊர்கள் தூங்கி எழுவதற்குள் இங்கே முடிவு வந்துவிடும். ஒருவர் அக்கார்டியனில் தேசிய கீதம் வாசித்தார். ஆறு பேரும் போட்டார்கள். எண்ணினார்கள். டிரம்ப் 3, கமலா ஹாரிஸ் 3!

"சரியாப் போச்சு! பஞ்சாயத்துத்தான்" என்றார் பக்கத்து மேஜை நண்பர். காரியாலயமே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைப்புக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு கணக்கு உறுத்தியது.

அந்த ராஜ்யத்தில் பெயரைப் பதியும்போதே இன்ன கட்சிக்காரன் என்று எழுதி வைக்கலாம். எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். இந்த ஆறு பேரில் நால்வர் குடியரசுக் கட்சி என்று பதிந்தவர்கள்; இருவர் ஒன்றும் சொல்லாதவர்கள். குடியரசுக் கட்சி அபேட்சகரான டிரம்புக்கு விழுந்தது மூன்று. மௌனிகள் இருவரும் ஹாரிஸுக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, நால்வரில் ஒருவராவது கட்சி மாறிக் குத்தியிருக்க வேண்டும். யார் அந்த ஒருவர்? ஆறு பேர் ஊரில் இது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும், சொல்லுங்கள்!

இதைவிட வேடிக்கை, எல்லோரும் ஒரே பக்கம் போட்டுவிட்டால் நேர்வது. 2020-ல் அங்கே ஐந்து வோட்டு; ஐந்தும் பைடனுக்கு. 2024 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்கு நடந்த தேர்தலில் ஆறும் நிக்கி ஹேலிக்கு. ரகசிய வோட்டு என்று பெயர். ஆனால் பெட்டியைக் கவிழ்த்த மறு நிமிஷம் ஊரில் எல்லோருடைய ரகசியமும் உலகத்துக்கே வெளிச்சம்!

இந்த வழக்கம் 1960-ல் ஆரம்பமாயிற்று. அங்கே பால்ஸம்ஸ் என்று பெரிய ஹோட்டல் ஒன்று இருந்தது. அதன் முதலாளி நீல் டில்லட்ஸன், ரப்பர் பலூனும் கையுறையும் செய்து பொருள் சேர்த்தவர். முதல் சீட்டைப் பெட்டியில் போடுகிறவர் அவர்தான். 2001-ல் 102-வது வயதில் காலமானார். ஹோட்டலில் வோட்டுக்கென்றே ஓர் அறை, ஆளுக்கொரு தடுப்பு. அவ்வளவு ஜாக்கிரதை! அந்த முதல் வருஷம் நிக்ஸனுக்கு ஒன்பது, கென்னடிக்குப் பூஜ்யம். ஜெயித்தது கென்னடி. ஆகையால் ஜோசியம் பார்க்க இந்த ஊரை நம்பாதீர்கள். நெடுங்காலம் குடியரசுக் கட்சியின் கோட்டை அது. 1968-ல் ஹம்ஃப்ரீக்குக் கிடைத்த வெற்றிக்குப் பிறகு, 2008-ல் ஒபாமா 15-க்கு 6 என்று ஜெயிக்கும் வரை ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் அங்கே தலையெடுக்கவில்லை. 2012-ல் ஐந்துக்கு ஐந்து. ஹோட்டல் 2011-லேயே மூடிவிட்டது. வேலைக்காரர்கள் போனார்கள், வோட்டும் போயிற்று. ஊரின் அபிப்பிராயம் மாறியதா, ஊரில் இருந்த ஆட்கள் மாறினார்களா என்றால், என் கட்சி இரண்டாவதுதான்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் நாலு வோட்டு. நாலும் ஒரே பக்கம் என்பது அப்பாவின் திடமான நம்பிக்கை. உறவினர்களிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் அம்மாவைச் சாவடி வாசல் வரை கொண்டுபோய் விடுவார். "நினைவிருக்கில்லே?" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அந்த ஊரிலே ஒருத்தருக்கு உடம்பு சரியில்லேன்னா, மத்தவாதானே பார்த்துக்கணும்?"

"வேறே யார் இருக்கா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூடத்தில் அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாத்திப் போட்டது யாருன்னு கண்டுபிடிச்சுட்டாளாடா?" என்றாள்.

"தெரியலே, அம்மா."

"கண்டுபிடிக்காமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கீரையைக் கழுவ எழுந்து போனாள்.