வக்கத்துக்காரர்

முதல் உலகப் போரில் கனடா, கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து 1916-ல் ஒரு கட்டுமானப் படை அமைத்ததைப் பள்ளியில் படித்துவிட்டு வந்தாள் மகள். "நம்ம பக்கமும் இப்படி இருந்ததாப்பா?" இருந்ததே! உடனே ஞாபகம் வந்தது வக்கம்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் பாசஞ்சரில் போனால் வர்க்கலாவுக்கு முன்னால் கடைக்காவூர் வரும். பக்கத்தில்தான் வக்கம். நான் கரமனையிலிருந்து டொராண்டோ வந்த மாதிரி, 1938-ல் அங்கிருந்து பிழைப்புக்காக மலாயாவுக்குப் போனவர் அப்துல் காதர். அப்போது வயசு 21.

அந்த மலாயாவில் யுத்தத்துக்காக வந்திறங்கிய இந்திய அதிகாரிகளுக்குக்கூடப் பல கிளப்புகளில் இடமில்லை. ஊரைக் காக்க வந்தவனுக்கே வாசலில் தடை! வெள்ளை அதிகாரியைவிடச் சம்பளமும் குறைவு. சிப்பாய்களுக்கோ ஜாதி, மதம் பார்த்துக் கம்பெனி, தனித்தனிச் சமையல். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களை மட்டும் ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். தோற்ற பிறகும் தனி வரிசைதான்.

அவர்களில் பலர் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தில் அடுப்பு ஒன்றானது. சீக்கியர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் ஒரே பந்தி. 1943-ல் சுபாஷ் வந்தபின் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் திரளாகச் சேர்ந்தார்கள். ஜப்பான்காரன் யோக்கியனா என்பது வேறு கதை. சயாம் ரயில்பாதையில் செத்த நம் தோட்டத் தொழிலாளர்களே அதற்குச் சாட்சி. ஆனாலும் அந்தப் பந்தி சின்ன விஷயமில்லை. இங்கே நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் ரெண்டு சங்கம் :-)

காதர் ரகசியப் பயிற்சி பெற்ற பினாங்கிலும் இதே கலவைதான். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் சிலரையும் மலபாரில் தானூர் அருகே இறக்கிவிட்டது. சீக்கிரமே பிடிபட்டார்கள். சென்னையில் விசாரணை. ஐந்து பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. அதில் போனிஃபேஸ் என்பவர் மட்டும் தப்பினார்.

1943 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. ரம்ஜான் மாதம். காதர், ஆனந்தன், வங்காளி பர்தன், சீக்கியர் ஃபௌஜா சிங். நால்வரையும் சென்னைச் சிறையில் ஒரே காலையில் தூக்கிலிட்டார்கள். இந்து நண்பர் ஒருவரோடு சேர்த்தே தன்னைத் தூக்கிலிடும்படி காதர் கேட்டுக்கொண்டதாக அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

முந்தின இரவு அவர் வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 26 வயசு.