சொத்தைக் கத்தரிக்காயும் என் முதல் ஓட்டும்!

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஓட்டுப் போடறதுக்கு முதல் நாள் ராத்திரி வரைக்கும் யாருக்குப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா? அப்போ கை கொடுங்க! ஆகலையா? அடுத்த தேர்தல்ல ஆகலாம். அதனால படிச்சு வைங்க.

2024 நாடாளுமன்றத் தேர்தல். ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. எங்க வீடு மேற்கு தாம்பரத்துல, முடிச்சூர் ரோடு பக்கம். ஆனா எம்.பி. தேர்தல்னு வந்துட்டா நாங்க ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம்னு ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த பெரிய குடும்பம். புது வாக்காளர் அட்டை கைக்கு வந்தப்போ (போட்டோவுல நான் யாரோ மாதிரி இருந்தேன், அது வேற விஷயம்!) தெருவுக்கே காட்டினேன்.

காட்டி முடிச்ச பிறகுதான் டென்ஷன் ஆரம்பிச்சுது.

எங்க அப்பாவுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. முப்பது வருஷமா ஒரே சின்னம். அம்மா யாருக்குப் போடறாங்கன்னு அப்பாவுக்கே தெரியாது. நான் மட்டும் நோட்டுல கோடு போட்டு லிஸ்ட் எழுதிட்டு உட்கார்ந்திருந்தேன். தி.மு.க. அணி, அ.தி.மு.க. அணி, பா.ஜ.க. அணி, நாம் தமிழர் கட்சி, அப்புறம் சுயேச்சைகள். ஒரு இடத்துல கட்சி பிடிச்சுது, கூட்டணி பிடிக்கலை. ஒரு இடத்துல பேச்சு பிடிச்சுது, நாளைக்கும் இதையே பேசுவாங்களான்னு நம்பிக்கை வரலை. இன்னொரு இடத்துல எல்லாம் ஓகே, ஜெயிக்கற சான்ஸ் இல்லை. எது யாருன்னு தேடாதீங்க பாஸ், நான் சொல்ல மாட்டேன்!

"பேசாம நோட்டாவுல குத்திடு"ன்னான், கிண்டி காலேஜுக்கு என்கூட லோக்கல் ட்ரெயின்ல வர்ற ஃப்ரெண்ட். நல்ல ஐடியாவா தெரிஞ்சுது. முன்னாடி 49-ஓன்னு ஒரு விதி இருந்ததாம். 'யாருக்கும் ஓட்டு இல்லை'ன்னு பூத் அதிகாரிகிட்டயே சொல்லி, பதிவேட்டுல எழுதணும். ரகசியமே போச்சு! 2013-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் மெஷின்ல நோட்டா பட்டன் வந்தது. ஆனா ஒரு சிக்கல். நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்த இடத்துல இருக்கற வேட்பாளர்தான் எம்.பி. ஆக, என் கோபம் பதிவாகும். முடிவு வேற யாரோ எடுப்பாங்க.

நம்ம பக்கத்து இலங்கையில வேற மாதிரி. அதே 2024, செப்டம்பர்ல அங்க ஜனாதிபதி தேர்தல். ஒரே சீட்டுல 1, 2, 3ன்னு மூணு பேரை விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில யாருக்கும் பாதிக்கு மேல வராததால, அந்த நாட்டு வரலாற்றுலேயே முதல் தடவையா விருப்ப வாக்குகளையும் எண்ணினாங்க. அப்புறம்தான் அநுர குமார திசாநாயக்க ஜெயிச்சார். 'இவர்தான் வேணும், இல்லைன்னா அவர் பரவாயில்லை'ன்னு சொல்ல அங்க வழி இருக்கு. நமக்கு ஒரே ஒரு பட்டன். குழப்பம் முழுக்க அந்த ஒரு விரல்லதான் இறங்கணும்!

அப்பதான் பாட்டி வந்தாங்க பிக்சருக்கு.

பாட்டிக்கு 86 வயசு. 85 வயசு தாண்டினவங்க 12-டி படிவம் கொடுத்தா வீட்டுலேயே ஓட்டுப் போடலாம்னு அந்தத் தேர்தல்ல வசதி இருந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்னாடி அதிகாரிகள், வீடியோ எடுக்கறவர், போலீஸ்னு ஒரு டீமே எங்க ஹாலுக்கு வந்துட்டாங்க. பாட்டி புதுப் புடவை கட்டி, தடுப்புக்குப் பின்னாடி உட்கார்ந்து, சீட்டுல குறிச்சு, கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்தாங்க. டீம் போனதும் கேட்டேன்.

"யாருக்குப் பாட்டி போட்டீங்க?"

"அதை ஏன்டி உனக்குச் சொல்லணும்? நீ யாருக்குப் போடப் போற?"

"ஒருத்தரும் சரியில்லையே பாட்டி..."

"மார்க்கெட்டுக்குப் போறே. எல்லாக் கத்தரிக்காயிலயும் கொஞ்சம் சொத்தை. வெறும் பையோட வந்தியானா ராத்திரி குழம்புக்கு என்ன பண்ணுவே? கையில எடுத்துத் திருப்பிப் பாரு. எதுல சொத்தை கம்மியோ அதை எடு. ஆனா ஒண்ணு, சொத்தை எங்கே இருக்குன்னு தெரிஞ்சு வாங்கு."

திருப்பிப் பார்க்கறதுக்கு வழி இருக்குங்க. 2002, 2003-ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், படிப்பு, நிலுவையில இருக்கற வழக்கு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தரணும். படிவம் 26. தேர்தல் ஆணையத்தோட வெப்சைட்டுல யார் வேணும்னாலும் பார்க்கலாம். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். செமஸ்டருக்குக்கூட அவ்வளவு படிச்சதில்லை! லிஸ்ட்டுல சில பேர் அடிபட்டாங்க. ஆனாலும் ஒருத்தருக்கு மேல மிச்சம் இருந்தாங்க.

ஸோ, வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒரே கேள்வி கேட்கறதுன்னு முடிவு பண்ணினேன். 2015 டிசம்பர்ல எனக்குப் பத்து வயசு. அடையாறு பொங்கி முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணி. பாட்டியை நாற்காலியோட தூக்கிப் படகுல ஏத்தினாங்க. என் ஸ்கூல் பை மிதந்து போனதை மாடியில நின்னு பார்த்தேன். இன்னிக்கும் ராத்திரி பலமா மழை பெஞ்சா எங்க வீட்டுல யாரும் தூங்கறதில்லை. அதனால என் கேள்வி: "மறுபடி எங்க தெருவுக்குத் தண்ணி வராம இருக்க என்ன செய்வீங்க?"

முதல்ல வந்தவங்க, "கண்டிப்பா செஞ்சுடலாம்மா"ன்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. அடுத்து வந்தவங்க, "ஜெயிச்ச மறுநாளே வேலை ஆரம்பம்!"னாங்க. மூணாவது குரூப்புல, வெயில்ல வேர்த்துக் கொட்ட, ஒரு பெரியவர் மட்டும் நின்னார்.

"பொய் சொல்ல விரும்பலை பாப்பா. தெரு வடிகால் மாநகராட்சி வேலை. ஆறு மாநில அரசு வேலை. எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி தொகுதி நிதி உண்டு, அதை ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரிக்கணும். உன் தெருவுக்குன்னு வாக்கு கொடுத்தா அது ஏமாத்து. ரயில்வே, ஹைவே பத்திக் கேளு, அதுக்குப் பதில் சொல்றேன். இந்தக் கேள்வியை உங்க கவுன்சிலர்கிட்ட கேளு, விடாம கேளு."

எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்தது. நான் கேட்டதே தப்பான தேர்தல்ல தப்பான கேள்வி! தாம்பரம் மாநகராட்சிக்கு 2022-ல தேர்தல் நடந்தப்போ எனக்கு ஓட்டு இல்லை. ஆனா கவுன்சிலர் யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஓட்டு எதுக்கு? அதைக்கூட நான் செய்யலை. நான் வேட்பாளர்களை எடை போட்டுட்டு இருந்தேன். அவர் என்னை எடை போட்டுட்டுப் போயிட்டார்.

ஒரு தொண்டர் நேர்மையா பேசினா வேட்பாளரும் நல்லவர்னு ஆகிடாது. தெரியும். ராத்திரி மறுபடி பத்திரங்களை எடுத்தேன், நோட்டைப் பார்த்தேன், பாட்டியோட கத்தரிக்காயை நினைச்சேன். விடியறதுக்குள்ள ஒரு பேர்ல நின்னேன். முழு மனசோடன்னு சொல்ல மாட்டேன். முக்கால் மனசு.

காலையில பூத். இடது கை ஆள்காட்டி விரல்ல மை. பட்டன் அமுக்கினதும் பக்கத்து மெஷின்ல சீட்டு 7 விநாடி தெரிஞ்சுது. அந்த 7 விநாடி நெஞ்சு அடிச்சுது பாருங்க, ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கே அப்படி அடிக்கலை!

ஃப்ரெண்ட் ஓட்டுப் போடலை. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவுன்னு ஊர் சுத்தப் போயிட்டான். ஜூன் 4 ரிசல்ட். எங்க தொகுதியில டி.ஆர்.பாலு 4 லட்சத்து 87 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். "உன் ஒரு ஓட்டு என்னத்தைக் கிழிச்சுது?"ன்னு ட்ரெயின்ல கிண்டல் பண்ணினான்.

மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கினா வர்ற தி.நகர் தொகுதியில 2021 சட்டமன்றத் தேர்தல் வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. நம்ம பெட்டியில நிக்கற கூட்டம்! ஆனா அதைச் சொல்லி நான் ஜெயிக்க விரும்பலை. வேற ஒண்ணு சொன்னேன். தேர்தல் முடிஞ்சதும் படிவம் 20ன்னு வரும். எந்த பூத்துல யாருக்கு எத்தனை ஓட்டுன்னு அதுல இருக்கும். எல்லாக் கட்சிக்காரங்களும் அதைப் பார்ப்பாங்க. இளைஞர்கள் வராத தெரு அவங்க கணக்குல வராத தெரு. என் ஓட்டு ஜெயிக்க வைக்கலைன்னாலும், எங்க தெருவைக் கணக்குல வச்சுது. அவன் பதில் பேசலை. பல்லாவரம் தாண்டினதும், "கவுன்சிலர் யாருன்னு எப்படிடா பார்க்கறது?"ன்னான்!

நான் போட்ட ஆள் ஜெயிச்சாரா, தோத்தாரான்னு கேட்கறீங்களா? எங்க வீட்டுப் பெண்கள் அதை வெளியில சொல்ற வழக்கம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்வேன். அந்த ஜூன் மாசமே எங்க தெரு வடிகாலைப் பத்தி மனு எழுதி, பக்கத்து வீடுகள்ல கையெழுத்து வாங்கி, மாநகராட்சி ஆபீஸ்ல கொடுத்தேன். முதல் கையெழுத்து யாருதுன்னு நினைக்கறீங்க?

பாட்டியோடது. நடுங்கற கையெழுத்து. ஆனா குழப்பமே இல்லாத கையெழுத்து!