கருங்கல் வீதியிலே கற்ற பாடம்

உரோமாபுரிக்குச் செல்வோர் ஆலயங்களையும் இடிந்த மண்டபங்களையும் கண்டு திரும்புவது வழக்கம். நாமோ ஒரு வீதியைக் காணச் சென்றோம். கி.மு. 312 ஆம் ஆண்டிலே அப்பியுஸ் குளோதியுஸ் என்னும் உரோம அதிகாரி அமைக்கத் தொடங்கிய அப்பியன் வீதியே அது. புனித செபஸ்தியார் வாயிலைக் கடந்து தென்திசை நோக்கி நடந்தோம். வட்டக் கோட்டை போல் நிற்கும் சிசிலியா மெத்தெல்லாவின் சமாதிக்கு அப்பால், பழைய வீதியின் கரிய எரிமலைக் கற்கள் தோன்றலாயின. பண்டைய வண்டிச் சில்லுகள் தேய்த்த தடங்களை அவற்றில் இன்றும் காணலாம்.

எம்முடன் வந்த மருமகன் பல்கலைக்கழக மாணவன். ஊர் திரும்பியதும் தன் முதலாவது மரதன் ஓட்டத்தில் 42.195 கிலோமீற்றர் ஓட எண்ணியிருந்தான். அதற்கென வாங்கிய விலையுயர்ந்த புதுச் சப்பாத்தைப் பெருமையுடன் அணிந்து வந்தான். அக்கற்களின் மீது ஒரு மைல் நடக்குமுன்னரே, "மாமா, சப்பாத்துக் கடிக்குது, இனி நடக்க ஏலாது" என்று வீதியோரத்தில் அமர்ந்துவிட்டான். குதிக்காலில் கொப்புளம் எழுந்திருந்தது. ஓட்டத்துக்கோ இரண்டு மாதங்களே இருந்தன.

அவனுக்கு அவ்வீதியின் கதையைச் சொன்னோம். 1960 செப்டெம்பர் 10 ஆம் நாள் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் இவ்வழியே நடைபெற்றது. மாலையில் தொடங்கிய ஓட்டம் இரவில் முடிந்தது. இராணுவத்தினர் ஏந்திய தீப்பந்தங்கள் வீதிக்கு ஒளி தந்தன. எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவற் படையைச் சேர்ந்த அபேபே பிக்கிலா, வெறுங்காலுடன் ஓடி வந்தார். அவருக்குக் கிடைத்த புதுச் சப்பாத்துகள் காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலோட்டமோ அவருக்குப் பழகிய ஒன்று. இறுதிக் கட்டத்தில் மொறொக்கோ வீரரை முந்தி, கொன்ஸ்தந்தீன் வெற்றி வளைவை 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடியில் அடைந்தார். 1937 இல் இத்தாலியர் அவர் நாட்டிலிருந்து கொண்டுவந்த அக்சும் தூணும் அந்நாளில் அப்பாதையருகே நின்றது. 2005 இல் அது தாயகம் திரும்பியது.

"அப்படியானால் சப்பாத்தே வேண்டாமா, மாமா?" என்றான் மருமகன். வேண்டும். அதே பிக்கிலா 1964 இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்தே ஓடி, 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் மீண்டும் வென்றார். சப்பாத்தா வெறுங்காலா என்பதன்று கேள்வி. பாதத்துக்குப் பழகியது எது என்பதே கேள்வி.

நெடுந்தூரம் ஓட விரும்பும் மாணவர்க்குச் சில சொல்வோம். ஓடும்போது பாதம் சற்று வீங்கும். ஆதலின், நாள் முழுதும் நடந்து கால் தடித்திருக்கும் மாலை வேளையிலே சப்பாத்து வாங்குக. விரல்களுக்கு முன்னே ஒரு பெருவிரலகலம் இடம் இருத்தல் வேண்டும், குதிக்கால் வழுக்கலாகாது. பருத்திக் காலுறை வியர்வையைத் தேக்கிக் கொப்புளம் தரும். ஈரத்தை விரைந்து விடுக்கும் செயற்கை நூலுறையே நன்று. தொடையிடுக்கிலும் அக்குளிலும் வசிலின் பூசினால் உராய்வு குறையும். எமது வெயிலுக்கு வெளிர்நிறத் தொப்பியும் இலேசான பெனியனும் ஏற்றவை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னரே அணிந்து ஓடிப் பாராத எதையும் போட்டி நாளன்று புதிதாக அணியற்க.

மருமகன் ஊர் திரும்பியதும், சிறிய பாதமுடைய தம்பிக்கு அப்புதுச் சப்பாத்தைக் கொடுத்துவிட்டான். முன்னையதன் பாதி விலையில் வேறொன்று வாங்கி, கொப்புளம் ஆறியபின் நாள்தோறும் சிறிது சிறிதாக அணிந்து பழகினான். போட்டியில் பரிசு எதுவும் பெற்றிலன். ஆயினும் முழுத்தூரமும் ஓடி முடித்து, வீட்டு விறாந்தையில் அமர்ந்து, காலுறையைக் கழற்றித் தன் பாதங்களை எமக்குக் காட்டினான். ஒரு கொப்புளமேனும் இல்லை.