அம்மம்மாவின் பிளேன்ரீ

போன வருசம் மாசியில் கரவெட்டிக்குப் போய் இறங்கிய அன்று, அம்மம்மா என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. நான் சிரித்தேன். பிள்ளைகளின் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயரையும் மாறி மாறிக் கூப்பிடாத அம்மம்மா எங்கே இருக்கிறா? ஆனால் பின்னேரம் ஒரே கேள்வியை நாலு தரம் கேட்டா. "எப்ப மோனை வந்தனீ?" நாலாவது தரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் எல்லாரும் இதுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது" என்று மாமா லண்டனில் இருந்து சொன்னார். "எழுபத்தெட்டு வயசு, பின்ன என்ன" என்றா கனடாவில் இருக்கிற சித்தி. எங்கட ஊரில் அறளை என்று ஒருக்கால் சொல்லிவிட்டால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். கம்பஸ் முடித்து வேலை இல்லாமல் இருந்ததால் அங்கேயே ரெண்டு மாதம் நின்றேன், அவ்வளவுதான்.

முதல் கிழமை எங்கள் தலைமுறை செய்கிற வேலையைத்தான் செய்தேன். போனில் தேடினேன். மூளைக்கு எது நல்ல சாப்பாடு?

போகிற இடமெல்லாம் 'மைண்ட்' உணவுமுறை பற்றித்தான் பேச்சு. சிக்காகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மொறிஸ் என்ற ஆய்வாளரின் குழு 2015இல் வெளியிட்டது. கீரை, பெரிப் பழங்கள், கொட்டைகள், பருப்பு, தீட்டாத தானியம், மீன், ஒலிவ் எண்ணெய் கூட. பட்டர், சீஸ், இறைச்சி, இனிப்பு, பொரியல் குறைய. இப்படிச் சாப்பிட்ட வயதானவர்களுக்கு அல்சைமர் நோய் வருவது குறைவாக இருந்ததாம். நெல்லியடிச் சந்தையில் புளூபெரிக்கு எங்கே போவது! ஆனால் மிச்சத்தைப் பார்த்தால் பாதி அம்மம்மாவின் அடுப்படிதான். முருங்கையிலை வறை, பயறு, குத்தரிசிச் சோறு. வல்லாரைச் சம்பலை "ஞாபகசக்திக்கு நல்லது" என்று சோதினைக் காலத்தில் எனக்குத் தீத்தினதே அவாதான்.

பிறகு அதே உணவுமுறையைச் சரியாகச் சோதித்த ஆய்வு ஒன்றைப் பார்த்தேன். 604 பேர், மூன்று வருசம், முடிவு 2023இல் வந்தது. மைண்ட் முறைப்படி சாப்பிட்டவர்களுக்கும், வழமையான சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இடையில் ஞாபகசக்தியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அன்றோடு புளூபெரிக் கனவை விட்டுவிட்டு, அம்மம்மா உண்மையில் என்ன சாப்பிடுகிறா என்று பார்க்கத் தொடங்கினேன்.

போனில் கேட்டால் எப்போதும் "புட்டும் சம்பலும் சாப்பிட்டனான்" என்பா. பக்கத்தில் இருந்து பார்த்தால் காலமை ஒரு பிளேன்ரீ, ரெண்டு பிஸ்கட். மத்தியானம் சோறும் ஒரு கறியும். இரவுக்கு அதே சோறு, இல்லாவிட்டால் பாண். "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது?" என்று திருப்பிக் கேட்டா.

அம்மம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை. ஆனால் நான் சின்னனாக இருக்கேக்க ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பால் தேத்தண்ணி குடிப்பா, மத்தியானம் தயிர் இருக்கும். "இப்ப ஏன் பிளேன்ரீ எணை?" என்று கேட்டேன். 2022இல் பால்மா கிடைக்கவில்லை, கிடைத்தபோது விலை தொட முடியவில்லை. "அப்ப விட்டது, அப்பிடியே பழகீற்று" என்றா. நாங்கள் எல்லாரும் அந்த வருசத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவவின் கோப்பை இன்னும் அங்கேயே நின்றது.

கிளினிக்குக்கு நான் கூட்டிப்போனேன். டொக்டர் மூன்று விசயம் கேட்டார். மெற்போமின் எத்தனை வருசமாகப் போடுகிறா? பதினாலு. மீன், முட்டை, பால்? இல்லை. கால் விறைக்குதா? "பஞ்சில நடக்கிற மாதிரி இருக்கு" என்றா அம்மம்மா. அதை நாங்கள் சீனி வருத்தத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். விற்றமின் பி12 பார்க்கச் சொல்லி எழுதித் தந்தார். மிகக் குறைவாக இருந்தது.

அவர் விளங்கப்படுத்தினதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்புக்கும் இரத்தத்துக்கும் பி12 வேண்டும். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் அது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் இயற்கையாக இருக்கிறது. வல்லாரையை எவ்வளவு அரைத்தாலும் அதிலிருந்து வராது. ஒரு கோப்பைப் பாலில் ஒரு மைக்ரோகிராம் அளவில் கிடைக்கும். வயது போகப் போக வயிற்றில் அமிலம் குறைவதால் சாப்பாட்டில் இருப்பதையும் உடம்பு எடுப்பது குறைகிறது. மெற்போமின் நீண்டகாலம் போட்டாலும் குறையும். அதுக்காக மருந்தை நிப்பாட்டக் கூடாது, பி12ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய வருசக்கணக்கு எடுக்கும். தெரியிறபோது அது மறதி மாதிரியே இருக்கும். நாங்கள் அறளை என்போம்.

ஊசி தொடங்கினது. மூன்று மாதத்தில் கால் விறைப்புக் குறைந்தது. நாலு தரம் கேட்ட கேள்வியை ரெண்டு தரம் கேட்கிறா. முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் ஆகவில்லை. மிச்ச மறதி டிமென்சியாவின் தொடக்கமாகவும் இருக்கலாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டொக்டர். இன்னும் முந்திக் கொண்டுவந்திருந்தால்? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரசர் போன்றவற்றைக் கவனித்தல் எல்லாம் ரெண்டு வருசம் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது. லான்செட் ஆணைக்குழு 2024இல் டிமென்சியாவுக்குக் காரணமாகும், மாற்றக்கூடிய 14 விசயங்களைப் பட்டியலிட்டது. சீனி, பிரசர், காது கேளாமை எல்லாம் அதில் இருக்கிறது. தனிமையும் இருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு "ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்பதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது பக்கத்து வீட்டு அன்ரி மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மம்மாவோடு இருக்கிறா. ரெண்டு பேருக்கு என்றால் வறையும் வரும், சொதியும் வரும். சித்தி பால்மாவுக்குக் காசு அனுப்புகிறா. ஊசித் திகதியை நான் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.

வெளியூரில் இருந்து வீட்டுக்குக் கோல் எடுக்கிற நாங்கள் எல்லாரும் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறோம். அதுக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "என்னத்தோட சாப்பிட்டனீங்கள்? ஆரோட?" என்று கேட்டுப் பாருங்கள்.

போன ஞாயிறு நான் கேட்டேன். "முருங்கையிலை வறையும் தயிரும்" என்றா. பிறகு, "நீ எப்ப மோனை வாறாய்?" என்றா. சித்திரைக்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டா. திரும்பவும் சொன்னேன்.