தாய்வீட்டுக் கதவும் ஈயச் சாயமும்

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நிகழ வேண்டும் என்பது தமிழகத்தார் சமய வேறுபாடின்றிப் போற்றிவரும் வழக்கம். ஏழாம் மாதத்தில் மகளை அழைத்து வருவார்கள். அவள் வருமுன் வீட்டைப் புதுப்பிப்பார்கள். சுவருக்கு வெள்ளை, கதவுக்கும் சன்னலுக்கும் வர்ணம், பரணிலிருந்து இறக்கிய தொட்டிலுக்கு ஒரு புதுப்பூச்சு என்று பெற்றோர் ஓடியாடிச் செய்யும் அவ்வேலைகளில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே, பிறக்கப்போகும் பிள்ளைக்குரிய கேடு ஒன்று மறைந்திருக்கக் கூடும். அதை விலக்கும் வழி எளியதே. இவ்விரண்டையும் நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

அக்கேட்டின் பெயர் ஈயம். தமிழில் இச்சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது வெள்ளீயம். நாம் ஈண்டுப் பேசுவது காரீயத்தைப் பற்றி. அரபு மொழியின் பழைய நூல்களிலும் இதே நிலைதான். ‘ரஸாஸ்’ என்னும் ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு வெள்ளை ரஸாஸ் என்றும் கறுப்பு ரஸாஸ் என்றும் பிரித்துப் பேசினார்கள். ஆதலின், தூய வெள்ளீயம் பூசிய பாத்திரத்தைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, வர்ணத்தினுள் கலந்துள்ள காரீயத்தையே. பளிச்சிடும் மஞ்சள் நிறம் ஈயக் குரோமேட்டால் வந்தது. இரும்புக் கம்பி துருப்பிடியாதிருக்க முதற்பூச்சாகப் பூசிய செந்நிறப் பொடி ஈயத்தின் ஆக்சைடு. எண்ணெய் வர்ணம் விரைவில் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மலிவு, பளபளப்பு, நீடித்த உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தமையால், அதன் மறுபக்கத்தைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

எமது இல்லம் காஞ்சிபுரத்தில், ஒலிமுகமதுபேட்டையில் உள்ள பழைய ஓட்டு வீடு. சேலையின் உடலுக்கொரு நிறமும் கரைக்கொரு நிறமும் தேர்ந்து கோர்வையால் இணைக்கும் நெசவாளர் வாழும் ஊர் இது. அந்த நிறப்பற்று வீட்டுக் கதவுகளிலும் ஏறியிருந்தது. எம் அத்தா, ஒவ்வொரு நோன்புக்கும் முன்னதாக, தலைவாயிற் கதவின் உடலுக்குப் பச்சையும் விளிம்புக்கு மஞ்சளுமாகத் தம் கையாலேயே வர்ணம் தீட்டுவார். பழைய பூச்சின்மீது புதிய பூச்சு என்று ஆண்டுதோறும் ஏறி, கதவின் மீது அது ஒரு தோல் போலப் படிந்துவிட்டது. சுவர்களோ சுண்ணாம்பு அடித்தவை; அவற்றால் இவ்வகைக் கெடுதி இல்லை. எமது வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் ஈயத்தைத் தேடவேண்டிய இடங்கள் கதவு, நிலை, சன்னற்கம்பி, ஊஞ்சற்பலகை, தொட்டில் ஆகியவையே. எண்ணெய் வர்ணம் ஏறிய சுவராயின் அதனையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு எம் மகள் வாணியம்பாடியிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்தாள். பிள்ளைப்பேற்றை அவளும் மருமகனும் எதிர்நோக்கியிருந்த காலம் அது. அவ்வேளையில், சென்னையில் இரசாயன ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரியும் எம் பழைய மாணவர் எம்மைக் காண வந்தார். கதவின் விளிம்பில் பொறுக்குத் தட்டியிருந்த மஞ்சள் வர்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், பேரப்பிள்ளை வருவதற்கு முன்னால் இதைக் கவனித்துவிடுங்கள்” என்றார். அவர் சொல்லக் கேட்டும், பின்னர் நாமே படித்தும் அறிந்தவற்றை இனிக் கூறுவோம்.

ஈயம் உடலுக்கு எவ்வகையிலும் தேவைப்படாத பொருள். உள்ளே புகுந்தால் அதன் பெரும்பகுதி எலும்பில் தங்கி, பல்லாண்டுகள் அங்கேயே உறைந்து கிடக்கும். பெண் கருவுற்றதும், சிசுவின் எலும்புக்கென்று தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வரும்போது, அதனுடன் ஈயமும் இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் சென்றடைகிறது. பிறந்த பின்னரோ, தரையில் தவழும் பிள்ளை தூசி படிந்த கையை வாயில் வைக்கிறது. வயிற்றுள் சென்ற ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் 4 முதல் 5 மடங்கு வரை குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கெடுதி செய்யாத அளவு என ஓர் அளவு அறியப்படவில்லை என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியுமன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், பிள்ளைகளுக்கு நேர்ந்த ஈய நஞ்சுக்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய வர்ணமே என 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்நகரம் அடங்கிய குயின்ஸ்லாந்து மாநிலம் 1922இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்கா வீட்டு வர்ணத்தில் ஈயத்தை விலக்கியது 1978இல். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகள் வெளியாகி, 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்றாயிற்று. ஒரு மருத்துவரின் எச்சரிக்கை பிரிஸ்பேனிலிருந்து காஞ்சிபுரத்துக் கதவை வந்தடைய நூறாண்டுக்கும் மேலாயிற்று. புதிதாக வாங்கும் டப்பாவைச் சட்டம் காக்கும். அதற்கு முன் பூசியவை கதவுகளில் அப்படியே இருக்கின்றன.

எம் அக்கா இதற்கு உடன்படவில்லை. “தம்பி, நாமெல்லாம் இந்த வீட்டில்தானே பிறந்தோம்? இந்தக் கதவைப் பிடித்துத்தானே நடை பழகினோம்? நமக்கு என்ன வந்துவிட்டது?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஈயம் காய்ச்சலைப் போல வந்து நின்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதே அதற்குரிய மறுமொழி. அது பிள்ளையின் அறிவில் ஒரு சிறு பங்கையும் கவனத்தில் ஒரு சிறு பங்கையும் ஓசையின்றி எடுத்துக்கொள்கிறது. எடுக்கப்படாதிருந்தால் அப்பிள்ளை எப்படி இருந்திருக்கும் என்பதை யாராலும் கூற இயலாது.

சென்னைப் பள்ளிகளில் 3 வயது முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளை ஆய்ந்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அவர்களின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டுதலோ, 5ஐ எட்டினாலே ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து தடுக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் அவர்களுடைய ஆசிரியர்களே. ஈயம் மிகுந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் மிகுந்திருந்தன. அந்த ஈயம் முழுவதும் வர்ணத்திலிருந்து வந்ததென்று யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலை முதலிய வேறு வழிகளும் உண்டு. எனினும், முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவரும் எமக்கு அவ்வரிகள் எளிதில் கடந்து செல்லத்தக்கவையாக இல்லை. பாடம் ஏறாத பிள்ளையைச் சோம்பேறி என்று உலகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அவன் வீட்டுச் சன்னற்கம்பியை யார் போய்ப் பார்த்தார்கள்?

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். பொறுக்குத் தட்டாமல், உரசலின்றி இருக்கும் பழைய பூச்சு பெரும்பாலும் தன்னளவில் கிடக்கும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போதும், தீ ஊதிப் பொசுக்கும்போதும்தான் அது தூசியாகவும் புகையாகவும் மாறி வீடெங்கும் பரவுகிறது. புதுப்பூச்சு ஒட்டுவதற்காகப் பழையதைத் தேய்ப்பது வர்ணக்காரர் வழக்கம். அப்படியானால், மகள் ஏழாம் மாதத்தில் வருவாள் என்று ஆறாம் மாதத்தில் கதவைத் தேய்க்கத் தொடங்கும் நம் வழக்கம், நஞ்சு பரவுதற்கு மிகத் தவறான நாளைத் தேர்ந்துகொள்கிறது. வேலையைச் செய்வதானால் கருவுறுமுன் செய்ய வேண்டும். அதற்குள் கருவுற்றுவிட்டாளாயின் அவள் அவ்வீட்டில் இல்லாதபோது செய்து, கழுவித் துடைத்த பிறகே அழைத்துவர வேண்டும். நன்மையைத் தேடுவதினும் தீமையைத் தடுப்பதே முந்தியது என்னும் பொதுவிதி ஃபிக்ஹுக் கலையில் உண்டு. வீட்டின் அழகு நன்மை. பிள்ளையின் மூளைக்கு வரும் தீங்கு தடுக்க வேண்டிய தீமை. எது முந்தியது என்பதில் ஐயமில்லை.

வர்ணச் சில்லைச் சோதனைக்கு அனுப்பலாம். 2017க்கு முன் பூசியதாயின் ஈயம் உண்டு என்றே கொண்டு நடப்பது பேணுதலுக்கு உரியது. நாம் அவ்வாறே கொண்டு, மகள் ஊர் திரும்பிய பின்னர், பழக்கமான வர்ணக்காரரை அழைத்தோம். வீட்டுப் பெண்களை இரண்டு வாரம் உறவினர் இல்லத்தில் இருக்கச் செய்தோம். தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்துடனேயே ‘வாட்டர் பேப்பர்’ கொண்டு தேய்க்கச் சொன்னபோது, “வேலை ரெண்டு மடங்கு ஆகுமே, பாய்” என்றார் அவர். கூலியும் அதற்கேற்பத் தருவதாகக் கூறினோம். நிலையில் உரசும் ஓரங்களையும் சன்னற்கம்பிகளையும் மட்டுமே தேய்த்தோம். கதவின் நடுப்பகுதி உறுதியாக இருந்தமையால் அதைச் சுரண்டாமல், ஈயமற்றது என்று டப்பாவில் அச்சிட்ட வர்ணத்தை மேலே பூசச் செய்தோம். அத்தா தீட்டிய பச்சை அதனடியில் பத்திரமாக இருக்கிறது. உதிர்ந்த சில்லுகளைப் பையில் இறுகக் கட்டி அகற்றினோம். கொல்லை மண்ணில் கொட்டவில்லை. பெருக்கினால் தூசி எழும் என்பதால் தரையைப் பலமுறை ஈரத்துணியால் துடைத்தோம்.

வர்ணக்காரருக்கும் சிறு பிள்ளைகள் இருவர். அன்றாடம் மாலையில் இங்கேயே கைகால் முகம் கழுவி, வேறு உடை மாற்றிக்கொண்டு போகுமாறு அவரிடம் சொன்னோம். உடையில் ஒட்டிய தூசி அவர் வீட்டுப் பாயில் உதிருமானால், நம் பிள்ளைக்கு விலக்கிய தீங்கை இன்னொருவர் பிள்ளைக்கு அனுப்பிவைத்தவர்களாவோம். “இருபது வருஷமா தேய்ச்சிட்டிருக்கேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லையே, பாய்” என்று அவர் கூறியது எம் நெஞ்சில் தைத்தது. நம்மிலும் அதிகமாக அத்தூசியை உண்டவர் அவரல்லவா?

தொட்டில் ஒன்று எஞ்சியது. பாட்டனார் காலத்து மரத்தொட்டில். சிவப்பும் மஞ்சளும் பூசியது. நாமும் அக்காவும் கிடந்தது. பல் முளைக்கும் பிள்ளை தொட்டிலின் விளிம்பைக் கடிக்கும். ஈய உப்புகளில் சில இனிப்பாகவும் இருக்கும். தேய்த்தாலும் செதுக்கிய பூ வேலைப்பாட்டின் இடுக்குகளிலிருந்து வர்ணம் முழுவதும் போகாது. அக்காவே ஒரு வழி சொன்னார்கள்: “என் பழைய நூற்சேலை இருக்கிறது, தூளி கட்டுவோம்.” தொட்டிலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம். வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கலாமே என்று ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. வர்ணம் பூசிய பழைய மரத்தை எரித்தால் ஈயம் புகையாகி வரும், சாம்பலிலும் தங்கும்.

இத்தனையும் செய்துவிட்டு, பிறந்த பிள்ளையின் கண்ணுக்குக் கடைச் சுர்மாவைத் தீட்டினால் பயன் என்ன? நபிமொழிகளில் புகழப்பெற்றது ‘இத்மித்’. சந்தையில் சுர்மா என விற்பவற்றுள் பல, ஈயத்தின் கந்தகத் தாதுவை அரைத்தவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் மின்னும் கரும்பொடியே. கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. பிள்ளையின் கண்ணை மையின்றியே விட்டுவிடுவது நலம். கருவுற நினைக்கும் பெண், பழைய வீட்டில் வேலை நடந்திருந்தால், மருத்துவரிடம் கூறி இரத்தத்தில் ஈயத்தைச் சோதித்துக்கொள்ளலாம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடலில் ஈயம் எளிதில் ஏறும். ஆதலின் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை முதலியன அவளுக்கு முன்கூட்டியே வேண்டும்.

உலகச் சிறுவர்களில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடிப் பேர், இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உடையவர்கள் என யுனிசெஃப் 2020இல் அறிவித்தது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையின் முன் ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும் என்று சோர வேண்டா. காற்றையும் தொழிற்சாலையையும் அரசு பார்க்கட்டும். நம் வீட்டு நிலைப்படி நம் பொறுப்பு. மகளைப் பெற்றோர், அவளுக்கு மணம் முடித்த கையோடு ஒருநாள் பகல் வெளிச்சத்தில் தம் வீட்டுக் கதவையும் சன்னலையும் நின்று பார்க்கட்டும். வாடகை வீட்டில் இருப்போர் பொறுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, தவழும் பிள்ளையின் கையை அடிக்கடி கழுவினாலும் பெரும்பலன் உண்டு. பிறக்கப்போகும் பிள்ளை நம்மிடம் கேட்காமலே நம்பி வருகிறது. அந்த அமானிதத்தைப் பேணும் வேலை, அதன் முகத்தைக் காணும் முன்பே தொடங்கிவிடுகிறது.