கேரம் பயலும் ஸ்னூக்கர் மேஜையும்

பொங்கலுக்கு தூத்துக்குடி போயிருந்தப்போ அக்கா பையன்கிட்ட கேரம்ல வரிசையா மூணு போர்டு தோத்தேன். பயலுக்கு 12 வயசு. ரெட்டையும் போட்டு ஃபாலோவும் போட்டுட்டு, "மாமா, இன்னொரு போர்டு வேணுமா?"ன்னு நக்கல் வேற.

அவன் கட் அடிச்ச அழகைப் பார்த்தப்போதான் எங்க ஆபீஸ் பூல் டேபிள் ஞாபகம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் அஞ்சாறு பேர் குச்சியும் தொப்பையுமா நிப்போம். கோணம் பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் :-) தெரிஞ்சவன் இங்க மொட்டை மாடியில உக்காந்திருக்கான்.

"இவனை ஸ்னூக்கர் ஆடக் கூட்டிட்டுப் போகட்டா?"ன்னேன். அக்கா முகம் மாறிடுச்சு. "ஏல, நீ அப்பாகிட்ட வாங்குன அடி மறந்துட்டா?"

மறக்கல. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பார்லர்ல மாட்டிக்கிட்டேன். கையில காசில்லாம வேடிக்கைதான் பார்த்தேன். அதுக்கே பெல்ட். அப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரே புகை, பந்தயம்.

இத்தனைக்கும் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினதே நம்ம ஊட்டி கிளப்லதான், 1880கள்ல. என்ன, அது துரைமார் கிளப். 1958ல வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயிச்சார். 2025 நவம்பர்ல சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன், தோஹாவுல இங் ஆன் யீயை 3-2ன்னு ஜெயிச்சு உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வாங்கினாங்க. அந்த செய்தியை அக்காகிட்ட காட்டினேன். "அது மெட்ராஸ்லே"ன்னு போனைத் திருப்பிக் கொடுத்துட்டா.

அவ சொல்றதும் சரிதான். கேரம் போர்டு 29 அங்குலம், எங்க வேணா போட்டுக்கலாம். ஸ்னூக்கர் மேஜை 12 அடிக்கு 6 அடி, துணிக்கு அடியில ஸ்லேட் கல், எடை ஒரு டன்னுக்கு மேல. போதாததுக்கு எங்க ஊர் உப்புக்காத்து. துணி ஈரம் கோத்தா பந்து ஓடாது. பெரிய போட்டிகள்ல மேஜைக்கு அடியில ஹீட்டர் வெச்சு காய வைக்கிறாங்க. வேர்த்து ஊத்தற ஊர்ல மேஜைக்கு ஹீட்டர்னா சிரிக்க மாட்டாங்களா?

ஆனா ஒரே ஒரு மேஜை போதும்ங்க. ஏதாவது பள்ளிக்கூடத்துல, இல்ல சர்ச் ஹால்ல, அம்மாமார் எட்டிப் பார்க்கிற மாதிரி பெரிய ஜன்னல் இருக்கற இடத்துல. ஆளை வெளிய தேட வேண்டாம், கேரம் போர்டைச் சுத்தி நிக்கற பயலுகளையும் பொண்ணுகளையும் கூட்டிட்டு வந்தா ஆச்சு. பார்லர்ல தேடினா என்னை மாதிரி ஆளுதான் கிடைப்பான்.

அக்கா இன்னும் சரின்னு சொல்லல. "முழுப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்"ங்கறா. லீவுக்கு பயல் என் ரூமுக்கு வர்றான். ஆபீஸ்ல விசிட்டர் பாஸ் கேட்டு இப்பவே மெயில் போட்டாச்சு. குச்சி அவன் உயரத்துக்கு இருக்கும்.