கிரிலை எவ்வளவு அடைக்கலாம்?

காரின் முன்கிரிலில் நுழையும் காற்று ரேடியேட்டரைக் கடந்து, இன்ஜின் அறைக்குள் முட்டிமோதிச் சுழன்று, அடிப்புறமாக வெளியேறுகிறது. காரின் மொத்தக் காற்றுத்தடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இதனால் வரலாம். கிரிலின் அளவைத் தீர்மானிப்பது மிகக் கடுமையான நாள்தான்: கோடை வெயில், முழுப் பாரம், ஓடும் ஏசி, மெல்ல ஏறவேண்டிய மலைப்பாதை. கனடாவின் பனிக்காலத்தில் சமதள நெடுஞ்சாலையில் விரையும் காருக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை. அதனால்தான் எரிபொருளை மிச்சப்படுத்த, கிரிலின் ஒரு பகுதியைச் சிலர் அடைக்கிறார்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலண்டை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தெர்மோஸ்டாட் தடுக்கிறதே, பிறகு அடைப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இன்ஜினின் உலோக உடலையே உறைகாற்று நேராகத் தாக்குகிறது. தெர்மோஸ்டாட்டால் அதைத் தடுக்க முடியாது. டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் இழப்பு இன்னும் கூடுதல். இன்ஜின் போதிய சூடு பெறாதவரை, நிறுத்தத்தில்கூட அது அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கிரில் இடுக்குகளில் குழாய்களுக்கான ஃபோம் உறையைச் செருகுவது பயனுள்ள, மலிவான வழி.

ஆனால் ஒரே நாளில் முழுவதையும் மூடிவிடக்கூடாது. கொஞ்சம் அடைத்து, ஓட்டிப் பார்த்து, பிறகு கூட்ட வேண்டும். டாஷ்போர்டு முள்ளை நம்புவது ஆபத்து: பல கார்களில் கூலண்ட் கணிசமாகச் சூடேறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கோளாறுகளைக் கண்டறிய காரில் உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு மீட்டரைச் செருகினால் உண்மையான டிகிரி தெரியும். சுமார் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றால் பெரும்பாலான இன்ஜின்களுக்கு நல்லது. ஃபேன் அடிக்கடி சுழலத் தொடங்கினால் அடைப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். மிச்சப்படுத்தியதை ஃபேனுக்கான மின்சாரமே தின்றுவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சரும், சில வண்டிகளில் கியர் ஆயில் கூலரும் உண்டு. அவற்றுக்கும் காற்று வேண்டும்.

டீசல் லாரிகளில் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அங்கேதான் இருக்கிறது. அதனால் லாரிகளின் குளிர்கால உறையில் திறப்பு விட்டே தைக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் மூடினால், சுழலும் ஒவ்வொரு ஃபேன் இதழும் மாறிமாறிச் சுமை தாங்கி முறியவும் கூடும்.

வெயில் வந்ததும் ஃபோமை எடுத்துவிட வேண்டும். இந்தத் திறப்பும் மூடலும் தானாகவே நடக்கும் கார்களும் உண்டு. 1930களில் பேக்கார்டு கார்களிலேயே வெப்பத்துக்கேற்பத் திறந்துமூடும் ரேடியேட்டர் ஷட்டர்கள் இருந்தன; 2011 மாடல் செவ்ரோலே குரூஸ் ஈகோவில் அதே வேலையைக் கணினி செய்தது. அத்தகைய ஷட்டர் உள்ள காரில் மேலும் அடைப்பதால் பெரிய பலனில்லை. ஷட்டரைத் திறந்துவிட்டோம், காற்று வருகிறது என்று கணினி எண்ணும் வேளையில், முன்னால் ஃபோம் அதை மறித்துக்கொண்டிருக்கும்.